குளிரூட்டும் திரவம்

‘இரும்பில் பூத்த இதயம்’ என்னும் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிக் குறைவாக ஒரு சொல்லும் இங்கே சொல்லும் எண்ணமில்லை. அதற்குத் தேவையும் இல்லை. நடந்ததை நடந்தபடி எடுத்துரைத்தாலே போதும். குறை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தொடரின் கதை எதிர்காலத்தில் நடப்பது. அதில் இயந்திரங்களுக்கு உணர்வு வந்துவிடுகிறது; மனிதர்களுக்கோ அது போய்விட்டிருக்கிறது. மனிதர்கள் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாயநகர் என்னும் பொய்யுலகத்துக்குள் நுழைந்து அங்கேயே வாழ்கிறார்கள். இயந்திரங்கள் வெளியே நின்று அவர்களுக்காக வருந்துகின்றன. கருத்து உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. மாயநகர் என்பது படப்பிடிப்புக் கூடத்தின் பின்புறம், பின்னணியைக் கணினியில் மாற்றிக்கொள்வதற்காகப் பச்சைத் துணி அடித்த ஓர் அறை. அங்கே யாரோ மறந்து விட்டுப்போன தொட்டிச்செடி ஒன்று முதல் நாளே படத்தில் விழுந்துவிட்டது. அதை எடுக்கும்படி யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே அந்தச் செடி மாயநகரின் கடற்கரையிலும் இருந்தது, நீதிமன்றத்திலும் இருந்தது, விண்கலத்திலும் இருந்தது. பின்னர் ஒரு பேட்டியில், அந்தச் செடி மனிதகுலத்தின் நினைவைக் குறிப்பது என்று கதையாசிரியர் விளக்கினார். அதன் பிறகுதான் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளை நியமித்தார்கள்.

கதையாசிரியருக்குத் தளத்தில் ‘தத்துவம்’ என்று பெயர். அவர் எதிரில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை; சொன்னாலும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருப்பார்.

இயந்திரங்கள் தொடக்கத்தில் வெள்ளி வண்ணம் பூசிக்கொண்டு வந்தன. நாயகனின் கழுத்தில் தடிப்பு வந்ததும் வண்ணம் கைவிடப்பட்டது. பிறகு குரலில் ஓர் உலோக ஒலி சேர்த்துப் பார்த்தார்கள். அண்டாவுக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது என்று பார்ப்பவர்கள் சொன்னதால் அதுவும் போயிற்று. கடைசியில் மனிதனையும் இயந்திரத்தையும் பிரித்தறிய ஒன்றே ஒன்று எஞ்சியது. மனிதர் இமைப்பார், இயந்திரம் இமைக்காது. இதை வேதவாக்காகத் தலைப்புப் பாடலிலேயே சேர்த்துவிட்டார்கள்.

நடிகர்கள் இமைத்தார்கள். நடிகருக்கும் கண் வறளும் என்பதைத் தத்துவம் எதிர்பார்த்திருக்கவில்லை. எனவே இமைப்புகளை எடுத்துப்போட ஓர் அறையும் ஒரு பெண்ணும் தேவைப்பட்டார்கள்.

அறை தாழ்வாரத்தின் கடைசியில், கழிப்பறைக்கு எதிரில் இருந்தது. முன்பு உடைகள் அடுக்கி வைத்திருந்த இடம். பூச்சி உருண்டை வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு மானிட்டர்கள், தலையை ஆட்டும்போதெல்லாம் ‘கடக்’ என்று ஒலிக்கும் மேசை விசிறி, பஞ்சு பிதுங்கிய நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணை எல்லோரும் ‘இமைக்காரி’ என்றார்கள். இயந்திரமாக நடிப்பவரின் முகத்தைச் சுற்றி அவள் திரையில் ஒரு வட்டம் போடுவாள். வட்டம் அந்த முகத்தைப் பின்தொடர்ந்து சென்று, கண் மூடும் இடத்திலெல்லாம் திறந்த கண்ணை ஒட்டிவைக்கும். வட்டத்துக்கு ஒரு குணம் உண்டு: பிடித்த முகம் நழுவிவிட்டால், பக்கத்தில் இருக்கும் முகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் வேலை முடிந்ததும் அவள் முழுவதையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பாள். அந்தத் தொடரை முழுமையாகப் பார்க்கும் ஒரே ஊழியர் அவள்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அவளை அங்கே சேர்த்துவிட்டவர் அவளுடைய சித்தி. சித்தி அந்தத் தொடரில் அம்மா. அதற்கு முந்தைய தொடர்களிலும் அம்மாதான். முப்பது வயதில் முதல் அம்மாவாக நடித்தவர். அன்றிலிருந்து யார் யாருடைய பிள்ளைகளுக்காகவோ கிளிசரின் போட்டு அழுதுகொண்டிருந்தார். இந்தத் தொடரில் அவர், ஓர் இயந்திரத்தை மகன் என்று நினைத்து வளர்த்து, உண்மை தெரிந்த பின்னும் மகன் என்றே சொல்லும் மனிதத் தாய். தளத்தில் அவருக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் ஒரு கால் குட்டை.

அந்த மகன் தாயின் மடியில் உயிர் விடும் காட்சி ஒரு பகல்பொழுதில் படமாக்கப்பட்டது. கிளிசரின் புட்டியை நீட்டிய ஒப்பனைக்காரரிடம் சித்தி, “இன்னைக்கு வேண்டாம்பா” என்றார். மகன் மடியில் கிடந்தான். அவர் அழவில்லை; பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் கண்ணை மூடியபோது அவரும் மூடினார். அவனோடு சேர்ந்து, அவ்வளவு மெதுவாக, ஒரு கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது போல. மூடிய இமைகளின் மேல் என்னவோ ஓடி அடங்கியது. பிறகு திறந்தார். அப்போதுதான் கண்ணீர் இறங்கியது. “தூங்கு” என்றார். ஏணி மேல் நின்ற விளக்குக்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் அவர்கள் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, “ஓகே, அடுத்தது” என்று அருளினார்.

அந்தக் காட்சி ஒளிபரப்பாகும் நாளில் இமைக்காரி மகனின் முகத்தில் வட்டம் போட்டு வேலையை முடித்திருந்தாள். அப்போது தத்துவம் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“ஏம்மா, கடைசியில அவன் கண்ணை மூடட்டும். அதை மட்டும் எடுக்காதே. வாழ்நாள் முழுக்க இமைக்காதவன் சாகும்போது முதல் தடவையா இமைக்கிறான். எப்படி?”

“நல்லாதான் இருக்கு சார். ஆனா எடுத்துட்டேனே.”

“திரும்பப் போடு. கவிதைம்மா அது!”

அவள் மகனின் முகத்திலிருந்து வட்டத்தை எடுத்தாள். போட்டுப் பார்ப்பதற்குள் ஒளிபரப்புப் பிரிவிலிருந்து ஆள் வந்து கோப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் அதைப் பார்க்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். அலைவரிசையின் நிகழ்ச்சித் தலைவி, எல்லோருக்கும் ‘மேடம்’. மேடம் ஒப்புதல் அளிக்கும் முறை யாவரும் அறிந்தது. முதல் இரண்டு நிமிடம் பார்ப்பார். கடைசி இரண்டு நிமிடம் பார்ப்பார். “நடுவுல அப்படி என்ன இருந்துடப்போகுது?” என்பார். பெரும்பாலான நாட்களில் அவர் சொல்வது சரியாகவே இருந்தது.

மாலையில் சித்தியின் வீட்டுக் கூடத்தில் சித்தி, சித்தப்பா, அவர்களோடு தங்கியிருந்த இமைக்காரி என மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து, வசனம் காதில் விழுவதற்கு ஏற்ற எல்லாவற்றையும் செய்திருந்தார். எதிர் வீட்டுத் தையல்காரம்மாவிடம், “இன்னைக்கு மட்டும் தவறாம பாரு” என்று சொல்லிவிட்டும் வந்திருந்தார். அப்படி அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. சித்தப்பா ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குபவர்; தொடரைத் திட்டுவதற்காகவே தவறாமல் பார்ப்பவர்.

“நான் நாள் முழுக்க மேல கீழ போய்ட்டு வரேன். உங்க கதை மட்டும் ரெண்டு வருஷமா ஒரே மாடியில நிக்குது” என்றார்.

“கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு பாருங்களேன். என் சீன் வருது.”

காட்சி வந்தது. மகன் கண்ணை மூடினான். சித்தியின் கண்கள் திறந்தே இருந்தன. திறந்தபடியே இருந்தன. மூடாத கண்ணாடிக் கண்களிலிருந்து தண்ணீர் ஒழுகியது, குழாய் சரியாக மூடாத தொட்டி போல. “தூங்கு” என்றது அந்த முகம்.

விளம்பரம் வந்து ஒரு சோப்புக்கட்டி சிரித்தது.

சித்தி திரும்பாமலே கேட்டார். “என் கண்ணை எங்கடி வெச்ச?”

“சித்தி... வட்டம் தாவிடுச்சு. பார்க்கிறதுக்குள்ள வாங்கிட்டுப் போய்ட்டாங்க.”

“மூடினேனேடி நான்.”

“மூடினீங்க சித்தி.”

“எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை அப்படி வரும் தெரியுமா? எனக்கு இப்பத்தான் வந்தது. ஒரே ஒரு தடவை.” சித்தி எழுந்து போய், காய்ந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார். மடித்தவற்றையே பிரித்து மறுபடி மடித்தார். சித்தப்பா தொலைக்காட்சியை அணைத்தார்.

மறுநாள் இமைக்காரி வேலை போனாலும் போகட்டும் என்ற துணிவோடு மேடத்தின் அறைக்குப் போனாள். அங்கே மேடமும் இயக்குநரும் தத்துவமும் திருமண வீட்டார் போல மலர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“மேடம், நேத்து எபிசோடுல ஒரு தப்பு நடந்துடுச்சு...”

“தப்பா? ஊரே பேசுதும்மா! அம்மாவும் மெஷின்னு கண்டுபிடிச்சுட்டாங்க. ரசிகருங்க கில்லாடிங்க.”

தத்துவம் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். “முதல் எபிசோடுலயே நான் போட்ட முடிச்சு அது. அவிழ்க்கிறதுக்குத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.”

இயக்குநர் பின்தங்க விரும்பவில்லை. “ஷூட்டிங்ல நான்தான் அவங்ககிட்ட சொன்னேன், கண்ணை மூடாதீங்கம்மான்னு.”

“அவங்க மூடினாங்க சார். வட்டம்தான் தாவிடுச்சு.”

“எந்த வட்டம்?” என்று இயக்குநர் கேட்டார். இரண்டு ஆண்டுகளாகத் தம்முடைய இயந்திரங்கள் எப்படி இமைக்காமல் இருக்கின்றன என்பதை அவர் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

“இந்த டெக்னிக்கல் சமாசாரமெல்லாம் இங்க எதுக்கு?” என்றார் மேடம். “நீ போம்மா. போய் அவங்களோட பழைய எபிசோடுங்களையும் எடுத்து இமையெல்லாம் துடைச்சுடு. வலைதளத்துல மாத்திடலாம்.”

பிற்பகலில் சித்தியை அழைத்துச் செய்தியைச் சொன்னார்கள். தத்துவமே நேரில் விளக்கினார். தாய் என்று இதுவரை காட்டப்பட்டவள் உண்மையில் முதன்முதலில் செய்யப்பட்ட இயந்திரம். அது அவளுக்கே தெரியாது.

“அப்போ நான் அழுதேனே, அது?” என்றார் சித்தி.

“அது கண்ணீர் இல்லம்மா. குளிரூட்டும் திரவம். உள்ள சூடு ஏறினா கண்ணு வழியா வெளியே வரும்.”

“எனக்கு எதனால சூடு ஏறிச்சு?”

“மகன் செத்ததால.”

“அதுக்குப் பேரு துக்கம்தானே தம்பி?”

தத்துவம் சற்றே யோசித்தார். “இல்லம்மா. சூடு.”

அதன் பிறகு நடந்த மாறுதல்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாயாக இருந்தவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சித்திக்கு, இயந்திரமானதும் ஓர் அறை கிடைத்தது. குளிர்சாதனம், சாய்வு நாற்காலி, நிறைய விளக்குகள் பதித்த கண்ணாடி, கேட்காமலே வரும் தேநீர். “மனுஷங்க மெஷினை மதிக்கலேன்னு சீரியல்ல அழறாங்களே, இங்க வந்து பார்க்கச் சொல்லு” என்றார் சித்தப்பா. அது, முந்தைய வாரம் தலைசுற்றி விழுந்த விளக்குக்காரருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவர ஆள் இல்லாத தளம். அவர் இயந்திரமாக நடிக்கவில்லை என்பதுதான் அவர் செய்த பிழை.

சித்திக்கு அந்த அறை பிடித்திருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மதியம் அங்கே கால் நீட்டிப் படுத்தார். முழங்கால் வலி குறைந்தது என்றார். கதவில் தம் பெயரை ஒட்டியிருந்ததைப் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்த்தார். இமைக்காரியிடம் அந்தக் காட்சியைப் பற்றி மறுபடி பேசவில்லை. பேசாதது மன்னிப்பு என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

ஆனால் இமைப்புகளை எடுப்பதில் நேரம் போகிறது என்று இயக்குநர் அவர்களுக்கு யாரோ இப்போது சொல்லிவிட்டிருந்தார்கள். “அம்மா, முடிஞ்சவரைக்கும் நீங்களே இமைக்காம பார்த்துக்குங்களேன்” என்று கேட்டுக்கொண்டார். கண்ணில் விடச் சொட்டு மருந்தும் வந்தது. சித்தியின் கண்கள் மிளகாய் தேய்த்தாற்போல் சிவந்தன. ஒரு வசனம் முடிவதற்குள் கண் தானாக மூடிக்கொள்ளும்; “கட்!” என்று சத்தம் கேட்கும். ஒருமுறை, “அம்மா, நீங்க மெஷின்னு மறந்துடறீங்க” என்றார் இயக்குநர், சிறு பிள்ளைக்குச் சொல்வது போல.

இப்படி இருக்கையில் எதிர் வீட்டுத் தையல்காரம்மா இறந்துபோனார். சித்தியின் முதல் தொடருக்கு உடை தைத்தவர். அளவு எடுக்காமலே தைப்பவர்; “உன் இடுப்பு எனக்குத் தெரியாதா?” என்பவர். சித்தி படப்பிடிப்பிலிருந்து நேராக அந்த வீட்டுக்குப் போனார். தையல் இயந்திரத்தைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு அந்த அம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்த அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சிறிது நேரத்தில் அறையில் ஓர் அமைதி வந்தது. அது துக்கத்தின் அமைதியாக இல்லை. சித்தி நிமிர்ந்து பார்த்தார். சுற்றி நின்றவர்கள் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசற்படியில் ஒரு பெண் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“மூடுறாங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது.

“இப்ப மூடினாங்க, நான் பார்த்தேன்.”

“நடிப்பா இருக்கும்.”

இறந்தவரின் மருமகள் அருகில் வந்து, மிகுந்த மரியாதையோடு, “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது நிஜக் கண்ணீரா, இல்ல அந்தத் திரவமா?” என்று கேட்டாள். அவள் பரிகாசமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பினாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

சித்தி தையல்காரம்மாவின் விரலை மெல்ல வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் இமைக்காரி சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். சித்தி கை கழுவாமலே உட்கார்ந்தார்.

“நான் நடிச்சது உன்கிட்ட இருக்காடி? அந்த சீன். தொடாம.”

“இருக்கு சித்தி. அழிக்கச் சொன்னாங்க. நான் அழிக்கலே. இதோ, போன்லயே காட்டறேன்.”

“வேண்டாம். நான் மட்டும் பார்க்கிறதுக்கு எதுக்கு? அதுக்குக் கண்ணாடி முன்னால நின்னு அழுதுட்டுப் போயிருப்பேனே. தையல்காரம்மாவை அன்னைக்குப் பார்க்கச் சொல்லிட்டு வந்தேன். பாவம், அவ பார்த்தது அந்த ஒழுகுற குழாயைத்தான்.”

அடுத்த வாரம் ஒரு சிறப்பு அத்தியாயம் வருவதாக இருந்தது. இயந்திரத் தாய் மாயநகருக்குள் நுழைந்து தன் நினைவுகளைத் தேடுகிறாள். மகன் இறந்த காட்சி மறுபடி முழுவதுமாக வரும். சித்தி மறுநாளே இயக்குநரிடம் போனார். அவ்வளவு ஆண்டுகளில் அவர் கேட்ட முதல் உதவி அது.

“தம்பி, அந்த சீனை நான் நடிச்ச மாதிரியே ஒரு தடவை போட்டுடுங்க. ஒரே தடவை.”

“எந்த சீன்மா?”

“மகன் சாகிறது.”

“போட்டாச்சேம்மா! சூப்பர் ஹிட்டு!”

“அது இல்ல தம்பி. நான் கண்ணை மூடினது.”

இயக்குநர் அவருடைய தோளில் அன்போடு கை வைத்தார். “அம்மா, மெஷின் கண்ணை மூடினா ஜனங்க எப்படி ஒத்துப்பாங்க? லாஜிக் இடிக்கும்.” அவர் அதைச் சொல்லும்போது பின்னால் இரண்டு பேர் விண்கலத்துக்குள் தொட்டிச்செடியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று மாலை இமைக்காரி சித்தியிடம், “நானே போட்டுடறேன்” என்றாள்.

“உன் வேலை?”

“அவங்க பார்த்தாத்தானே போகும்? நடுவுல வருது சித்தி. நடுவுல யாரு பார்க்கப்போறாங்க?”

“ரூமு போயிடும், இல்ல?” என்றார் சித்தி.

“போயிடும்னு நினைக்கிறேன்.”

சித்தி முழங்காலைத் தடவிக்கொண்டார். ஏதோ கணக்குப் போடுபவர் போல ஜன்னலைப் பார்த்தார். எதிர் வீட்டில் தையல் இயந்திரத்தை யாரோ விலைக்கு வாங்கித் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

“நல்ல ரூமு” என்றார். “சரி, போட்டுடு.”

“அந்த ஏசியில உனக்குச் சளிதான் பிடிச்சது” என்றார் சித்தப்பா. அவர் ஆறுதல் சொல்லும் முறை அது.

இமைக்காரி கணித்தபடி எதுவும் நடக்கவில்லை. சிறப்பு அத்தியாயம் என்பதால், “இன்னைக்கு முழுசா பார்த்துடறேன்” என்று மேடம் அவளுடைய அறைக்கே வந்துவிட்டார். இயக்குநரும் தத்துவமும் உடன் வந்தார்கள். பூச்சி உருண்டை வாசனைக்கு மூவரும் மூக்கைச் சுருக்கினார்கள். இமைக்காரியின் நாற்காலியில் மேடம் உட்கார்ந்தார். அவள் சுவரோரம் நின்றாள்.

முதல் இரண்டு நிமிடம் மேடம் கவனமாகப் பார்த்தார். பிறகு கொட்டாவி விட்டார். “இவ்வளவு மெதுவாவா போகும் நம்ம சீரியல்?” என்று வியந்தார். தத்துவம் மாயநகரில் செடி வரும் இடத்தைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்கினார். இயக்குநர் கைப்பேசியைத் திறந்துவிட்டார். விசிறி ‘கடக்’ என்றது.

அந்தக் காட்சி வந்தது.

மேடம் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி மகனைப் பார்த்தார். அவன் கண்ணை மூடினான். சித்தி மூடினார், கதவைச் சாத்துவது போல. இமைகளின் மேல் அந்த அசைவு ஓடி அடங்கியது. “தூங்கு.”

மேடத்தின் கை மேசை மேலேயே நின்றுவிட்டது. அவர் கண்ணோரத்தில் ஈரம் தெரிந்தது. தலைப்புப் பாடல் முதல் கடைசி வசனம் வரை சொல்லிவைத்த சட்டம் ஒன்று எல்லோர் கண்ணெதிரிலும் உடைந்திருந்தது.

“என்னவோ போன தடவையைவிட நல்லா இருக்கே?” என்றார் மேடம். “மியூசிக் மாத்திட்டீங்களா?”

“கொஞ்சம் மாத்தியிருக்கேன் மேடம்” என்றார் இயக்குநர், தலையைத் தூக்காமல்.

கோப்பு அப்படியே ஒளிபரப்புக்குப் போய்விட்டது.

மாலையில் அதே கூடம், அதே திரைச்சீலை. சித்தி இம்முறை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் எதிர் வீட்டில் இல்லை. சித்தப்பா அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். காட்சி தொடங்கியபோது இமைக்காரி திரையைப் பார்க்கவில்லை, சித்தியைப் பார்த்தாள். சொட்டு மருந்தின் சிவப்பு இன்னும் ஆறாத கண்கள். திரையில் மகன் கண்ணை மூடினான், தாய் மூடினாள், மூடியபடியே இருந்தாள். அதில் ஒரு துளியும் தவறிவிடக் கூடாதென்று சித்தி கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தளத்தில் எத்தனை முறை ‘கட்’ சொல்லியும் வராதது இப்போது வந்தது. அவர் இமைக்கவே இல்லை.

“நல்லாதான் மூடியிருக்கேன், இல்ல?” என்றார் கடைசியில்.

சித்தப்பா தலையை ஆட்டினார். “லிஃப்ட் கதவு இப்படி மூடினா ஒரு ஆளுக்கும் கை நசுங்காது” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வந்ததாக வரலாறு இல்லை. சித்தி அவர் கையை ஒரு தட்டு தட்டினார்.

மறுநாள் மேடத்தின் அறையில் மறுபடியும் திருமணக் களை. அம்மா இயந்திரத்துக்கு உயிர் வந்துவிட்டது, அன்பினால் இமை முளைத்துவிட்டது என்று ரசிகர்கள் இரவோடு இரவாகக் கண்டுபிடித்திருந்தார்கள்.

“முதல் எபிசோடுலயே போட்ட முடிச்சு” என்றார் தத்துவம்.

“நானே எடுத்துச் சொன்னேன், இந்த இடத்துல மட்டும் கண்ணை மூடுங்கம்மான்னு” என்றார் இயக்குநர்.

இமைக்காரி முன்னால் வந்து, “நான்தான் சார் பழையபடி வெச்சேன். உங்களைக் கேக்காம வெச்சேன்” என்று தெளிவாகவே சொன்னாள். மூவரும் அவளைக் கனிவோடு பார்த்தார்கள்.

“டீம்னா அப்படித்தாம்மா, எல்லாருக்கும் பங்கு இருக்கும்” என்றார் மேடம். “ஆனா டைட்டில்ல பேரெல்லாம் கேக்கக் கூடாது.”

தாய் மனிதராகிவிட்டபடியால் அறை திரும்பப் பெறப்பட்டது. அது இப்போது புதிதாக இயந்திரமாகப்போகும் ஒரு மாமனாருக்குத் தேவைப்பட்டது. கதவிலிருந்த பெயரைச் சுரண்டியவர் ஓர் எழுத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார். சித்தி அதை ஒரு முறை பார்த்துவிட்டுத் தளத்துக்கு நடந்தார். விளக்குக்காரர் ஏணியிலிருந்து இறங்கி வந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“நேத்து பார்த்தேன்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

“சாப்பிட்டியா?” என்றார் சித்தி.

ஸ்டூல் ஆடியது. சித்தியின் கையில் அன்றைய வசனத் தாள்கள் இருந்தன. தாயின் கண்ணில் இதுவரை வந்தது திரவம், இனிமேல் வருவதுதான் கண்ணீர் என்று தத்துவம் ஒரு பக்க அளவில் விளக்கியிருந்தார். சித்தி அதை முழுவதும் படித்தார். பிறகு அந்தத் தாளை மட்டும் உருவி, நான்காக மடித்து, குனிந்து குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். உட்கார்ந்து பார்த்தார். ஆடவில்லை.

“என்னைக் கூப்பிடும்போது எழுப்புடா கண்ணா” என்று விளக்குக்காரரிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.